பசிபிக் தீவுக் கதாயுதங்களை எப்படிப் பார்ப்பது

அருங்காட்சியகத்தில் பசிபிக் பகுதிக்கு வந்ததும் "அடேயப்பா, இதால ஒரு அடி வாங்கினா அவ்வளவுதான்" என்று நினைத்துவிட்டு அடுத்த கண்ணாடிப் பெட்டிக்கு நகர்ந்துவிடுகிறோம். அடிக்கிற முனையைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள்.

முதலில் பெட்டிக்குப் பக்கவாட்டில் போய்க் குனிந்து மேற்பரப்பைப் பாருங்கள், நேராகப் பார்த்தால் கண்ணாடியின் பளபளப்புதான் தெரியும். தோங்கா தீவுகளின் கதாயுதம் என்றால் கட்டம் கட்டமாக மெல்லிய கோடுகள், நடுவில் விரல்நகம் அளவுக்கு மனித உருவம்கூட ஒளிந்திருக்கலாம். இரும்பு வருவதற்கு முன் இதையெல்லாம் சுறாப்பல்லால் கீறினார்கள். அத்தனை நாள் ஒரு கைவினைஞரை இதற்கென்றே உட்காரவைக்க யாரால் முடியும் என்று யோசித்தாலே அது யார் கையில் இருந்திருக்கும் என்று புரியும். வெள்ளையாகப் பதித்திருந்தால் அது திமிங்கிலப் பல், தலைவர்களுக்கான பொருள்.

அடுத்து மார்க்கேசாஸ் தீவுகளின் கதாயுதமான உ'உ. இதற்கு இரண்டடி பின்னால் வாருங்கள். தலைப்பகுதி முழுக்க ஒரு முகம், அப்புறம் கிட்டே போனால் அந்த முகத்தின் கண்மணியே இன்னொரு குட்டி முகம்! மரம் சவுக்கு, சேற்றில் ஊறவைத்துக் கறுப்பாக்கி எண்ணெய் தேய்த்து மினுக்கியிருப்பார்கள். உச்சியில் உள்ள வளைவு அக்குளில் முட்டுக்கொடுத்துச் சாய்ந்து நிற்பதற்கு. அப்படி நிற்பதே ஒரு தோரணைதானே.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தையாஹா என்ற நீண்ட மர ஆயுதத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நாக்கை நீட்டிய தலையைப் பார்த்து ஈட்டிமுனை என்றும் மறுமுனையின் அகலமான பகுதியைக் கைப்பிடி என்றும் நினைத்துவிடுகிறோம். அந்த அகலப் பகுதிதான் அடிக்கிற அலகு. பச்சைக்கல்லில் செய்த மெரே என்ற குட்டையான கைக் கதாயுதத்துக்கு மதிப்பு இன்னும் அதிகம். மணற்கல்லில் தேய்த்துத் தேய்த்தே உருவாக்கி, பெயரெல்லாம் வைத்து, தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றினார்கள்.

விளக்க அட்டையில் "சடங்கு ஆயுதம்" என்று போட்டிருந்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஃபிஜியின் தலைவர் தக்கொம்பாவு 1874-இல் நாட்டை பிரிட்டனிடம் ஒப்படைத்தபோது விக்டோரியா ராணிக்குக் கொடுத்தது தன்னுடைய போர்க் கதாயுதத்தைத்தான். அது 1932-இல் திரும்பி வந்து சட்டமன்றச் செங்கோலானது. இன்றும் நாடாளுமன்றத்தில் இருக்கிறது, வெள்ளியில் செய்த பனையோலைகளும் புறாக்களுமாக.