7 வருஷம் நின்ற லாரியை மறுபடி ஓடவைப்பது எப்படி

எங்கள் அப்பாவின் டாட்டா 1210 எஸ்இ 7 வருஷம் எங்கள் தோட்டத்துக் காட்டில் வேப்பமரத்தடியில் நின்றது. சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் வந்தால் இப்படி நிற்கிற லாரிகளை ஊருக்கு ஒன்றிரண்டு பார்க்கலாம், ஓட்டினவருக்கு உடம்பு முடியாமல் போயிருக்கும், அல்லது எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்று) தள்ளிப்போய் அப்படியே நின்றிருக்கும். எடைக்குக் கேட்டு நாலைந்து பேர் வந்தார்கள், கொடுக்க மனசு வரவில்லை. போன தை மாதம் நானும் எங்களுக்கு எப்போதும் வேலை பார்க்கிற லாரி மெக்கானிக் மேஸ்திரி அண்ணனும் உட்கார்ந்து 12 நாளில் அதை ஓடவைத்தோம். அந்த 12 நாளில் செல்ஃபை (இன்ஜினைச் சுற்றிவிடுகிற ஸ்டார்ட்டர் மோட்டாரை) தொட்டது 8-ஆம் நாள்தான். இதை எழுதுவதே அதைச் சொல்லத்தான்: நிறுத்தும்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் பெரும்பாலும் இன்னும் நன்றாகத்தான் இருக்கும், பேட்டரியை மாட்டியதும் செல்ஃப் அடிக்கிற அந்த அவசரம்தான் அதைக் கெடுக்கும்.

முதல் நாள் ஸ்பேனரே வேண்டாம். ஒரு கம்பை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றித் தட்டுங்கள். எங்கள் பேட்டரிப் பெட்டியில் சாரை ஒன்று குடியிருந்தது, சீட்டுக்கு அடியில் எலிக்கூடு, சைலன்சர் வாயில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. பானெட்டைத் திறந்து எதிலும் கை விடுவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள், ஹேண்ட் பிரேக் பிடிக்கும் என்று நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. ஜாக்கி வைத்தால் கூடவே நல்ல கனமான மரக்கட்டை அடுக்க வேண்டும், ஹாலோ பிளாக் கல்லை வைக்காதீர்கள், அது சொல்லாமல் நொறுங்கும்.

அடுத்தது ஏர் கிளீனர். அதைக் கழற்றி உள்ளே பாருங்கள். எலி இந்த வழியாகப் போய் இன்டேக் பைப்புக்குள் பஞ்சு, வேப்பங்கொட்டை எல்லாம் சேர்த்து வைத்திருக்கும், அது சிலிண்டருக்குள் போனால் வால்வு முதல் பிஸ்டன் வரை செலவு. ஆயில் ஊற்றுகிற வகைக் கிளீனர் என்றால் பழைய ஆயிலைக் கொட்டிக் கழுவிப் புது ஆயில் ஊற்றுங்கள்.

இப்போது இன்ஜின். "செல்ஃப்ல கை வைக்காத தம்பி, மொதல்ல கையில சுத்திப் பாரு" என்று அண்ணன் சொன்னார். கியரை நியூட்ரலில் போட்டு, முன்பக்கம் கிராங்க் புல்லி நட்டில் பெரிய ஸ்பேனர் மாட்டி, ஓடுகிற திசையிலேயே மெதுவாகச் சுற்ற வேண்டும். சுற்றினால் நல்லது, இன்ஜின் தலையில் வால்வுகளை மூடியிருக்கிற டேப்பட் கவரைக் கழற்றி, சுற்றச் சுற்ற ஒவ்வொரு வால்வும் இறங்கி ஏறுகிறதா என்று பாருங்கள், இறங்கினது ஏறாமல் நின்றால் வால்வு தண்டில் துரு, அதில் ஆயில் விட்டு மெல்லத் தட்டி எடுக்க வேண்டும். அப்படியே விட்டால் பிஸ்டன் வந்து மோதி வால்வு வளையும்.

சுற்றவில்லை என்றால் நீளமான பைப் போட்டு நெம்பாதீர்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசில்களைக் கழற்றுங்கள். 1210-ல் இருப்பது 697 இன்ஜின், பெயரிலேயே கணக்கு இருக்கிறது: 6 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம். ஆக ஆறு நாசில், எது எந்த சிலிண்டரில் இருந்தது என்று குறித்து வையுங்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு மூன்று ஸ்பூன் இன்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து விட்டு, துளைகளைத் துணியால் மூடி இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். தினமும் ஒரு முறை ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். எங்களுக்கு மூன்றாம் நாள் சாயங்காலம் விரல் அகலம் அசைந்தது, நாலாம் நாள் முழுச் சுற்று வந்தது.

இங்கேதான் பெரிய தப்பு நடக்கும். என் மாமா பையன் அவன் வண்டியில் ஒவ்வொரு சிலிண்டரிலும் கால் லிட்டர் டீசலை ஊற்றி, இளகிவிட்டது என்று நாசிலைத் திரும்ப மாட்டி செல்ஃப் அடித்துவிட்டான். காற்று அமுங்கும், டீசல் அமுங்காது. ஒரே அடியில் கனெக்டிங் ராடு வளைந்தது, இன்ஜினை இறக்க வேண்டியதாகிவிட்டது. அதனால் விட்ட ஆயில் எல்லாம் வெளியே வருகிற வரை நாசில் இல்லாமலேயே சுற்றுங்கள், துளைகள் மேல் துணி போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. கழற்றின நாசில்களை அப்படியே பம்ப் சர்வீஸ் கடைக்குக் கொடுத்து டெஸ்ட் செய்து வாங்கிவிடலாம், எப்படியும் கழற்றியாகிவிட்டது.

இன்ஜின் ஆயிலைப் பார்க்கும்போது கேஜ் கம்பியை மட்டும் நம்பாதீர்கள். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற சேம்பரின் போல்ட்டைக் கொஞ்சமாக இளக்கி, முதலில் என்ன சொட்டுகிறது என்று பாருங்கள், தண்ணீர் ஆயிலுக்கு அடியில்தான் நிற்கும். நாலைந்து சொட்டு வந்தால் குளிரும் வெயிலும் மாறி மாறி வேர்த்த தண்ணீர், பயமில்லை. கிளாஸ் கணக்கில் வந்தால், அல்லது ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால், ஹெட் கேஸ்கட்டையோ ஹெட்டையோ பார்க்காமல் மேலே போகக் கூடாது. முழுக்க இறக்கி, ஃபில்டர் மாற்றி, 15டபிள்யூ-40 ஊற்றுங்கள், 200 கிலோமீட்டர் ஓடியதும் அதையும் இறக்கிவிடலாம். ரேடியேட்டரைக் கீழ் ஹோஸ் கழற்றிக் கழுவுங்கள், கையில் அமுக்கினால் வெடிப்பு தெரிகிற ஹோஸ்களையும் ஃபேன் பெல்ட்டையும் யோசிக்காமல் மாற்றுங்கள்.

டீசல் விஷயம் தனி. 7 வருஷத்து டீசலை மோந்து பார்த்தால் பழைய வார்னிஷ் வாடை வரும். டேங்க் அடியில் தண்ணீர், அதன் மேல் கருப்பாகக் கொழகொழவென்று ஒரு பாசி. அதுவும் உயிருள்ள சமாச்சாரம்தான், தண்ணீரும் டீசலும் சேருகிற இடத்தில் வளரும். இந்த டேங்கிலிருந்து ஒரு சொட்டுகூட பம்ப்புக்குப் போகக் கூடாது. டேங்கை இறக்கி, கொஞ்சம் டீசலும் ஒரு துண்டுச் சங்கிலியும் உள்ளே போட்டுக் குலுக்கிக் கழுவலாம், ஆனால் அதற்காக ஸ்டார்ட் செய்வதைத் தள்ளிப்போட வேண்டாம். 10 லிட்டர் கேனில் புது டீசல் எடுத்து இன்ஜினுக்கு மேல் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, புது ஹோஸில் டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கிற ஃபீட் பம்ப்புக்கு நேராகக் கொடுங்கள். டீசல் ஃபில்டர்களை மாற்றுங்கள், ஃபீட் பம்ப்புக்குள் இருக்கிற சின்னச் சல்லடையையும் மறக்காமல் கழுவுங்கள். டேங்க் ஓட்டையாக இருந்தால் அதற்கு வெல்டிங் வைப்பதைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள், காலி டேங்கில் நிற்கிற ஆவி வெடிக்கும்.

டீசல் பம்ப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், உயிர் சம்பந்தப்பட்டது. இந்த வண்டிகளில் வருகிற மைக்கோ இன்லைன் பம்ப்புக்குள் ராக் என்று ஒரு பல் கம்பி முன்னும் பின்னும் நகரும், அதுதான் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று தீர்மானிக்கும். பழைய டீசல் பிசினாகி அந்த ராக்கைப் பிடித்துவைத்துவிடும். நிறுத்தின இன்ஜினில் ராக் பெரும்பாலும் முழு டீசல் பக்கமே தள்ளி நிற்கும். அந்த இடத்தில் ஒட்டியிருக்கும்போது ஸ்டார்ட் ஆனால் இன்ஜின் எகிறிக்கொண்டே போகும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது, இன்ஜினை அணைக்கிற ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிற்காது. அதனால் பம்ப்பின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஸ்டாப் லீவரைக் கையால் இழுத்து விட்டு ராக் தடங்கல் இல்லாமல் போய் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். பிடித்தால் சுத்தமான டீசலும் ஆயிலும் விட்டு ஊறவைத்து மெல்ல அசையுங்கள், இளகவில்லை என்றால் பம்ப்பைக் கழற்றிக் கடைக்கு அனுப்புங்கள், அந்தச் செலவுக்கு யோசிக்காதீர்கள். ராக் நன்றாக இருந்தாலும் முதல் ஸ்டார்ட்டில் ஏர் கிளீனரை மாட்டாமல், இன்டேக் வாயை முழுசாக மூடுகிற கனமான பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். எகிறினால் பலகையை வைத்து மூடினால் காற்று இல்லாமல் நின்றுவிடும். கையால் மூடக் கூடாது, துணியும் கூடாது, உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பேட்டரி பழையதை விட்டுவிடுங்கள், 7 வருஷம் நின்றது திரும்ப வராது. உங்கள் வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று செல்ஃபின் தகட்டில் பார்த்துக்கொண்டு அதற்கேற்ற நல்ல பேட்டரி வாங்கி வாருங்கள். எர்த் கேபிள் சேசிஸில் சேருகிற இடத்தைப் பளபளவென்று சுரண்டுங்கள், பாதி வண்டிகளில் செல்ஃப் சுத்தாததற்குக் காரணம் இதுதான். எலி கடித்த ஒயரிங் என்றால் இப்படிச் செய்யுங்கள்: எல்லா சுவிட்சையும் ஆஃப் செய்துவிட்டு, பேட்டரிக்கும் கேபிளுக்கும் நடுவில் ஒரு ஹெட்லைட் பல்பைத் தொடராக மாட்டிப் பாருங்கள். பல்பு நன்றாக எரிந்தால் எங்கோ ஷார்ட், அதைக் கண்டுபிடிக்காமல் நேராக மாட்டினால் கேபினே பற்றும்.

சரி, ஸ்டார்ட். முதலில் ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு 10 விநாடி செல்ஃப் அடியுங்கள், ஒரு நிமிஷம் விடுங்கள், மறுபடி. ஆயில் கேஜ் முள் ஏறுகிற வரை இதுதான் வேலை, இவ்வளவு வருஷம் காய்ந்து கிடந்த பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர வேண்டும். அப்புறம் ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் வழியில் மாட்டிய காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபீட் பம்ப்பில் இருக்கிற கைப்பம்பை அடித்துக்கொண்டே ஃபில்டர் தலையில் இருக்கும் ஸ்குருவை இளக்குங்கள், நுரை போய்ச் சுத்த டீசல் வந்ததும் இறுக்குங்கள். அதே மாதிரி டீசல் பம்ப்பில் இருக்கிற ஸ்குரு. கடைசியாக நாசில் பைப் நட்டுகளை அரைச் சுற்று இளக்கி செல்ஃப் அடித்தால் ஒவ்வொன்றாக டீசல் துப்பும், துப்பினதை இறுக்கிக்கொண்டே வர இரண்டு மூன்று பைப் இறுக்குவதற்குள் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். அந்த நட்டுகளுக்குப் பக்கத்தில் விரலை வைக்காதீர்கள், பிரஷரில் வருகிற டீசல் தோலுக்குள் ஏறிவிடும், சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. இன்டேக்கில் பெட்ரோல் துணி காட்டி ஸ்டார்ட் செய்கிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். சுமார் 17 மடங்கு அமுக்குகிற இன்ஜின் இது, பெட்ரோல் ஆவி நேரம் தெரியாமல் வெடித்துப் பிஸ்டனையும் ரிங்கையும் உடைக்கும்.

பிடித்ததும் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஸ்லோவிலேயே விடுங்கள். ஆயில் முள் 10 விநாடிக்குள் ஏறவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். வெள்ளைப் புகை கொஞ்ச நேரம் வரும், சூடேறினதும் குறைய வேண்டும். நீலப் புகை என்றால் பிஸ்டன் ரிங் இன்னும் ஒட்டியிருக்கிறது, இரண்டு மூன்று நாள் ஓட்டத்தில் சரியாகவும் வாய்ப்பு உண்டு, எங்களுக்குச் சரியானது.

கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கலாம், கிளட்சை மிதித்தும் கியர் விழாது. பின் சக்கரங்களைத் தூக்கிக் கட்டை வைத்து, முன் சக்கரங்களை நன்றாக அடைத்து, டாப் கியரில் ஸ்டார்ட் செய்து, கிளட்சை முழுசாக மிதித்தபடி பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் பெரும்பாலும் பிரிந்துவிடும். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

இன்ஜின் ஓடிவிட்ட சந்தோஷத்தில் ரோட்டுக்கு எடுத்துவிடாதீர்கள், பிரேக் வேலை இன்னும் இருக்கிறது. நாலு டிரம்மையும் கழற்றிப் பாருங்கள். ஆயில் பிரேக் என்றால் வீல் சிலிண்டர் ரப்பர் எல்லாம் புதிது, பழைய ஃப்ளூயிட் தண்ணீரை உறிஞ்சியிருக்கும், முழுக்க வடித்துவிடுங்கள். ஏர் பிரேக் என்றால் டேங்குகளின் தண்ணீரை வடித்து, பிரஷர் ஏற்றி, இன்ஜினை நிறுத்திவிட்டு முள் இறங்குகிறதா என்று பாருங்கள், எங்கே காற்று கசிகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். ஸ்பிரிங் பிரேக் சேம்பர் உள்ள வண்டியில் அதைப் பிரிக்காதீர்கள், உள்ளே இருக்கிற ஸ்பிரிங் ஆளைக் கொல்கிற அளவு வலுவானது.

டயர் பட்டன் (ரோட்டில் படுகிற பள்ளம் மேடு) புதிது மாதிரி இருந்தாலும் பக்கச்சுவர் வெயிலில் வெடித்திருக்கும். டயரைப் பிடித்துவைக்கத் தனி இரும்பு ரிங் போட்ட டிஸ்க்கில் தட்டையாகிக் கிடந்த டயருக்கு அப்படியே காற்று அடிக்கக் கூடாது, துருப்பிடித்த ரிங் தெறித்தால் குண்டு மாதிரி வரும். டயர் கடையில் கழற்றி ரிங்கைப் பார்த்துவிட்டு, கூண்டுக்குள் வைத்து அடிக்கச் சொல்லுங்கள். ஹப்பைத் திறந்து புது கிரீஸ் வைப்பதையும் இதோடு முடித்துவிடலாம்.

இன்சூரன்சும் எஃப்.சி.யும் இல்லாமல் ரோட்டில் ஏற்றாதீர்கள், எட்டு வருஷம் தாண்டின வண்டிக்கு எஃப்.சி. வருஷா வருஷம். அதுவரை காட்டுக்குள்ளேயே ஃபர்ஸ்ட் கியரில் பத்தடி, பிரேக், மறுபடி பத்தடி. பேப்பர் கையில் வந்ததும் லோடு இல்லாமல் 10 கிலோமீட்டர் போய் நிறுத்தி ஒவ்வொரு ஹப்பிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள், ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் பிடித்திருக்கிறது அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. வீல் நட்டுகளை அங்கேயே ஒரு முறை இறுக்கிவிடுங்கள். முதல் 500 கிலோமீட்டருக்குள் டீசல் ஃபில்டர் இன்னொரு முறை அடைக்கும், டேங்கை எவ்வளவு கழுவினாலும் ஓரத்தில் ஒட்டினது பெயர்ந்து வரத்தான் செய்யும், அதனால் ஒரு செட் ஃபில்டரும் ஏர் எடுக்க ஸ்பேனரும் கேபினிலேயே கிடக்கட்டும்.