முதல் நாளில் மாணவர் பெயர்: வகுப்பறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி திறக்கும் நாளில் ஆசிரியருக்குத் தலைக்கு மேல் வேலை. சேர்க்கை, மாற்றுச் சான்றிதழ், எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, புத்தகக் கட்டுகளைப் பிரிப்பது என்று சேலம் டவுன் பள்ளியிலும் ஏற்காட்டு மலைக்கிராமப் பள்ளியிலும் காலை ஒன்பது மணிக்கே தொடங்கிவிடும். பெயர் தெரிந்துகொள்வது மட்டும் "போகப் போகத் தானா வந்துரும்" என்று தள்ளிப்போகிறது. தானாக வருவது இரண்டு வகைப் பெயர்கள்தான்: நன்றாகப் படிக்கிற பிள்ளைகளின் பெயர்கள், சேட்டை பண்ணுகிற பிள்ளைகளின் பெயர்கள். நடுவில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பதினைந்து இருபது பேர் ஆடி பிறந்த பிறகும் "ஏம்மா, அந்த மூணாவது பெஞ்சு" என்றுதான் கூப்பிடப்படுவார்கள். இன்னொன்றும் உண்டு. ஆசிரியருக்கு எல்லாப் பெயரும் தெரிந்துவிட்டாலும் பிள்ளைகளுக்குள் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாவிட்டால் அது இன்னும் ஒரு வகுப்பாக ஆகவில்லை. இந்த இரண்டு வேலையையும் முதல் நாளிலேயே திட்டம் போட்டுத் தொடங்க வேண்டும்.

பதிவேட்டைத் திறந்து வாசித்துவிடுவது

மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு இது. பிள்ளையின் வாயிலிருந்து பெயரைக் கேட்பதற்கு முன்பே தாளிலிருந்து வாசித்துவிடுகிறோம். ஆங்கிலப் பட்டியலில் குறில் நெடில் தெரியாது. ல, ள, ழ மூன்றும் பல சமயம் ஒரே எழுத்தில் வந்து நிற்கும். தமிழ்ப் பட்டியல் இருந்தாலும் சிக்கல் தீராது. பாரதியின் 'பா'வும் பார்வதியின் 'பா'வும் எழுத்தில் ஒன்று, உச்சரிப்பில் வேறு. தியா, தன்ஷிகா போன்ற இப்போதைய பெயர்களில் முதல் எழுத்தை எப்படிச் சொல்வது என்பது பெற்றவர்களுக்கும் பிள்ளைக்கும்தான் தெரியும். தப்பாக வாசித்ததும் வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பு பெயருக்கு உரியவர் மேல் போய் விழும், வாசித்தவர் மேல் அல்ல. கூச்சப்படுகிற பிள்ளை திருத்தாது. தப்பான உச்சரிப்பிலேயே வருடம் முழுக்க "உள்ளேன் ஐயா" சொல்லும்.

மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே வகுப்பு வாசலில் நின்றுகொண்டால் இது வராது. "உன் பேர் என்ன கண்ணு? இங்க எப்படிக் கூப்பிடணும்?" என்று இரண்டு கேள்வி. பிள்ளை சொன்னதை அதே மாதிரி திருப்பிச் சொல்லி, சரிதானா என்று முகத்தைப் பார்க்க வேண்டும். வாசிக்கச் சிரமமான பெயருக்குப் பென்சிலில் உங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு குறிப்பு. வீட்டில் கூப்பிடும் 'அப்பு', 'பாப்பா' எல்லாம் ஒன்றாம் வகுப்பில் பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கலாம். ஆறாம் வகுப்புப் பிள்ளையை அதன் சம்மதம் இல்லாமல் அப்படிக் கூப்பிடக் கூடாது. நம் பக்கத்தில் 'கண்ணு', 'சாமி', 'தங்கம்' என்று வாய் நிறையக் கூப்பிடுவது அழகான வழக்கம்தான். ஆனால் எல்லாரையும் கண்ணு என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தால் பெயர் தெரியாதது வெளியே தெரியாமலே போய்விடும். "கோகிலா கண்ணு" என்று பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெயரைப் பற்றிக் கருத்துச் சொல்வதும் வேண்டாம். முனியப்பன், சேர்வராயன் என்று குலதெய்வத்தின் பெயரோ மலையின் பெயரோ தாங்கி வருகிற பிள்ளைகள் இங்கே உண்டு. "இந்தக் காலத்துல இப்படி ஒரு பேரா" என்று பாசத்தோடு சொன்னாலும் பிள்ளை அதைக் குறையாகத்தான் எடுத்துக்கொள்ளும். அண்ணனுக்கோ அக்காவுக்கோ பாடம் எடுத்திருந்தால் "நீ ரமேஷ் தம்பிதானே" என்ற வார்த்தை வாயில் வந்து நிற்கும். சின்ன ஊர்ப் பள்ளிகளில் இது அதிகம். ரமேஷ் நன்றாகப் படித்தவனாக இருந்தால் தம்பிக்குப் பாரம், படிக்காதவனாக இருந்தால் தம்பிக்கு முத்திரை. முதல் வாரத்தில் அதை விட்டுவிடலாம்.

ஒரே பெயரில் மூன்று பேர்

ஒரு வகுப்பில் மூன்று தர்ஷினி இருப்பது இப்போது அதிசயமில்லை. உயரம், நிறம், உடம்பு வைத்து அடையாளம் சொல்லும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. ஆசிரியர் ஒரே ஒரு முறை "நெட்டை தர்ஷினி" என்றால் போதும், பத்தாம் வகுப்பு வரை அது ஒட்டிக்கொள்ளும். தலைப்பெழுத்தே நமக்குக் கைகொடுக்கும்: மு. தர்ஷினி, ரா. தர்ஷினி, செ. தர்ஷினி. தலைப்பெழுத்து அப்பாவுடையதா அம்மாவுடையதா என்று வகுப்பில் துருவக் கூடாது. தாயின் பெயரைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அதற்குக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

வடமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளிடம் தலைப்பெழுத்தே இருக்காது. ரோஷ்னி குமாரி என்றால் குமாரி அப்பா பெயர் அல்ல. 'கு. ரோஷ்னி' என்று நாமாக மாற்றி எழுதினால் ஆதாரில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்று ஆகிப் பின்னால் சான்றிதழில் வந்து இடிக்கும். உள்ளதை உள்ளபடியே எழுத வேண்டும். பிள்ளையை மூன்று முறை மெதுவாகச் சொல்லச் சொல்லி, அது தலையாட்டும் வரை நாமும் சொல்லிப் பார்க்க வேண்டும்.

பட்டப்பெயரை வகுப்பே நமக்கு அறிமுகப்படுத்தும். "சார், இவன் பேரு எலி சார்!" அந்த நொடியில் ஆசிரியர் சிரித்துவிட்டால் அதற்கு அங்கீகாரம் கிடைத்துவிடும். திட்டவும் வேண்டாம். "அவன் பேர் கோகுல். கோகுல்னே கூப்பிடலாம்" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுங்கள். மறுபடி யாராவது சொன்னாலும் அதே வாக்கியம், அதே குரல்.

கேட்கக் கூடாத கேள்விகள்

முதல் நாள் அறிமுகம் என்றதும் "எழுந்து நின்னு பேர், ஊர், அப்பா என்ன வேலை, லீவுக்கு எங்க போனே, என்ன ஆகப்போறே" என்று வரிசையாகக் கேட்பது பழக்கமாகிவிட்டது. அப்பா இல்லாத பிள்ளை, அப்பா இருந்தும் வீட்டில் இல்லாத பிள்ளை, லீவு முழுக்கத் தறிக்கும் கொலுசு வேலைக்கும் கூடமாட இருந்த பிள்ளை எல்லாரும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை ஊட்டி என்கிறது, அடுத்தது "எங்கயும் போகல டீச்சர்" என்று குனிகிறது. ஒன்றுசேர்க்க நினைத்த நேரத்தில் பிரித்துவிடுகிறோம்.

சாதியைத் தொடும் கேள்வி நேராகவும் வேண்டாம், சுற்றி வளைத்தும் வேண்டாம். உதவித்தொகைப் பட்டியலுக்காக இன்ன பிரிவுப் பிள்ளைகள் எழுந்திருங்கள் என்று வகுப்பில் சொல்வது இன்னமும் நடக்கிறது. பள்ளிகளில் சாதிப் பிரிவினையைத் தடுக்க வழி சொல்ல அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024இல் தமிழக அரசிடம் கொடுத்த அறிக்கை, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, உதவித்தொகை பற்றி மாணவரைத் தனியாக அழைத்துத்தான் பேச வேண்டும் என்று பரிந்துரைத்தது. சேர்வராயன் மலையில் இன்னொரு நுட்பம் உண்டு. அங்குள்ள மலையாளி பழங்குடியினர் தமிழ் பேசுகிறவர்கள், கேரளத்திலிருந்து வந்தவர்கள் அல்ல. கீழிருந்து மாற்றலாகி வரும் ஆசிரியர் சான்றிதழைப் பார்த்துவிட்டு "கேரளாவா நீ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டால், ஒரே கேள்வியில் அந்தப் பிள்ளை தன் சொந்த மலையிலேயே வெளியாளாகிவிடும்.

எல்லாரும் பதில் சொல்லக்கூடிய, யாருக்கும் வலிக்காத கேள்வி வேண்டும். ஜூனில் சேலத்தில் மாம்பழத்தை விட நல்ல கேள்வி கிடையாது: மல்கோவாவா, இமாம் பசந்தா, கிளிமூக்கா? ஏற்காட்டுப் பக்கம் பலாவா ஆரஞ்சா என்று கேட்கலாம். காசு உள்ள வீட்டுப் பிள்ளைக்கும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் இதில் சொல்ல ஏதாவது இருக்கும்.

நாற்பது பேரை வரிசையாகப் பேச விடுவது

ஆளுக்கு அரை நிமிடம் என்றாலும் நாற்பது பேருக்கு இருபது நிமிடம். ஆறாவது ஆளுக்குப் பிறகு யாரும் காதில் வாங்குவதில்லை. தன் முறை வந்தால் என்ன சொல்வது என்ற பயத்திலேயே மீதிப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் சொன்னவர்களின் பெயரையெல்லாம் சொல்லித் தன் பெயரைச் சேர்க்கும் சங்கிலி விளையாட்டும் எட்டு, பத்துப் பேர் வரைதான் தாங்கும்.

நான்கு நான்கு பேராகப் பிரியுங்கள். முதலில் இரண்டிரண்டு பேராக மூன்று நிமிடம் பேசட்டும்: பெயர், எப்படிக் கூப்பிட வேண்டும், மாம்பழக் கேள்வி. பிறகு நான்கு பேரும் சேர்ந்ததும் ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி அல்ல, தன் ஜோடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்றால்தான் காது திறக்கும். கடைசியாகக் குழுவுக்கு ஒரு நிமிடம், நான்கு பெயரையும் யாராவது ஒருவர் வகுப்புக்குச் சொல்வார். பத்துக் குழுவுக்கும் சேர்த்து மொத்தம் இருபது இருபத்தைந்து நிமிடம், ஒரு பீரியடுக்குள் முடிந்துவிடும். பேச மறுக்கிற பிள்ளையை "சொல்லு, சொல்லு" என்று நெருக்க வேண்டாம். ஜோடியே சொல்லட்டும்.

ஆறாம் வகுப்பில் குழு பிரிக்கும்போது கவனம் தேவை. பல தொடக்கப் பள்ளிகளிலிருந்து வந்திருப்பார்கள், ஒரே ஊர்ப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் ஒட்டிக்கொண்டு உட்காருவார்கள். உண்டு உறைவிடப் பள்ளி என்றால் வீட்டை விட்டு வந்த பயமும் சேர்ந்திருக்கும். எல்லாரையும் ஒரேயடியாகக் கலைத்துப் போட்டால் அழுகைதான் மிஞ்சும். நான்கு பேரில் ஒருவராவது தெரிந்த முகமாக இருக்கட்டும், மீதி இரண்டு பேர் புதியவர்கள். இந்தக் குழு முதல் வாரம் முழுக்க மாறக் கூடாது.

பெயர் அட்டை

நல்ல வழிதான். அதைச் செய்யும் விதத்தில்தான் கெட்டுப்போகிறது. சட்டையில் குத்தும் சின்னத் துண்டுச்சீட்டு முன் பெஞ்சைத் தாண்டித் தெரியாது, குண்டூசி குத்தும். ஏ4 தாளை நீளவாட்டில் நான்கு சம பட்டைகளாக மடித்து, முதல் பட்டையையும் கடைசிப் பட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் மேசையில் நிற்கும் முக்கோணம் கிடைக்கும். பிள்ளையே எழுதட்டும், ஸ்கெட்ச் பேனாவில், நான்கைந்து சென்டிமீட்டர் உயர எழுத்தில். பென்சிலும் பால்பாயிண்டும் தூரத்துக்குத் தெரியாது. பெரும்பாலும் விட்டுப்போவது ஒன்று: பின்பக்கமும் பெயர் எழுத வேண்டும். முன்பக்கம் ஆசிரியருக்கு, பின்பக்கம் பின் பெஞ்சுக்கு. ஃபேன் காற்றில் பறக்காமல் ஜியோமெட்ரி பாக்ஸை முட்டுக்கொடுக்கலாம். ஏற்காட்டில் மழையும் பனிமூட்டமும் ஏறும் நாட்களில் தாள் நமத்துச் சாய்ந்துவிடும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை அங்கே நன்றாக நிற்கும். மூன்று நாளுக்கு மேல் அட்டையை வைக்காதீர்கள். அது இருக்கும் வரை கண் அட்டையைத்தான் பார்க்கும், முகத்தைப் பார்க்காது.

மனதில் நிறுத்துவது

அன்றைக்கு நிறையப் பேர் கலர் டிரஸ்ஸில் வருவார்கள். "மஞ்சச் சட்டை விக்னேஷ்" என்று பிடித்து வைத்தால் சீருடை வந்ததும் விக்னேஷ் காணாமல் போய்விடுவான். கோடை விடுமுறையில் குலதெய்வத்துக்கு முடி இறக்கி மொட்டையோடு வருகிற பிள்ளைகளும் உண்டு. ஆகஸ்டில் பார்த்தால் வேறு ஆள் மாதிரி இருப்பார்கள். ஸ்வெட்டரும் குல்லாவும் மலைப்பள்ளியில் இதே வேலையைச் செய்யும். கண், புருவம், சிரிப்பு, குரல் ஆகியவற்றில் ஒன்றைப் பெயரோடு சேருங்கள்.

அகர வரிசையில் உட்கார வைத்தால் பதிவேடும் பெஞ்சும் ஒத்துப்போகும். ஆனால் வரிசையை மனப்பாடம் செய்துவிட்டு முகம் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும் ஆபத்து அதில் உண்டு. அதனால் கடைசியிலிருந்தும் நடுவிலிருந்தும் சொல்லிப் பாருங்கள். நாற்பதையும் ஒரே மூச்சில் பிடிக்க வேண்டாம். காலையில் இரண்டு பெஞ்சு, எட்டுப் பெயர். பத்து நிமிடம் கழித்துத் தாளைப் பார்க்காமல் அவர்களைக் கூப்பிடுங்கள். இடைவேளைக்குப் பின் இன்னும் எட்டு, அதோடு பழைய எட்டு. வருகை எடுக்கும்போது எண்ணைச் சொல்லிக் கடந்துபோவது பெரிய இழப்பு. பெயரைச் சொல்லி, தலையை நிமிர்த்தி, பதில் வரும் வரை அந்த முகத்தைப் பார்க்க ஆளுக்கு மூன்று வினாடி போதும். நாற்பது பேருக்கு இரண்டே நிமிடம்.

பாடப்புத்தகமும் நோட்டும் கொடுக்கும் வேலையை லீடரிடம் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொருவரும் எழுந்து உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நிற்கும் தருணம் அது. பெயர் சொல்லிக் கொடுங்கள். மறந்துவிட்டால் சமாளிக்க வேண்டாம், "உன் பேரை இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்டால் பிள்ளை கோபித்துக்கொள்ளாது. ஐந்து செக்‌ஷனுக்குப் போகும் பாட ஆசிரியருக்கு இருநூறு முகம். நாளுக்கு ஒரு செக்‌ஷன் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் பெயரையும் கரும்பலகையில் எழுதுங்கள். வருடம் முடிந்தும் 'மேத்ஸ் சார்' என்று மட்டுமே தெரிந்த பிள்ளைகள் ஏராளம்.

மாலையில் ஒரு வெள்ளைத்தாளில் பெஞ்சுகளை வரைந்து, எதையும் பார்க்காமல் பெயர்களை நிரப்புங்கள். காலியாக நிற்கும் கட்டங்கள் பெரும்பாலும் அந்த அமைதியான பிள்ளைகளுடையவை. அடுத்த நாள் காலை முதல் பேச்சு அவர்களோடு இருக்கட்டும்.

லீடர் தேர்வு, பத்துப் பதினைந்து 'கூடாது'கள் கொண்ட விதிப் பட்டியல், மார்க் வாரியாக இருக்கை போடுவது மூன்றும் முதல் நாளில் வேண்டாம். லீடரை இரண்டு வாரம் கழித்துப் பார்க்கலாம். அதுவரை பலகை துடைப்பது, சாக்பீஸ் எடுத்து வருவது, தண்ணீர் பிடிப்பது என்று குழுவுக்கு ஒரு நாள் பிரித்துக் கொடுத்தால் எல்லார் பெயரும் வகுப்பில் புழங்கும். சத்துணவு நேரத்தில் பத்து நிமிடம் அவர்களோடு இருங்கள். யார் தனியாகத் தட்டை எடுத்துப் போகிறார் என்பது அங்கேதான் தெரியும்.

சேர்க்கை ஜூனோடு முடிவதில்லை. எஸ்டேட்டிலோ கட்டட வேலையிலோ பெற்றோர் இடம் மாறியதால் ஜூலையில் ஒரு பிள்ளை வரும். பதிவேட்டில் கடைசி எண் கிடைக்கும், அதனாலேயே கடைசி பெஞ்சும் கிடைக்கும். இரண்டாவது வரிசையில் இடம் கொடுங்கள். ஒரு ஜோடியை அதற்குத் துணையாக்கி, அந்தக் குழுவை மட்டும் ஐந்தாகச் செய்து, மூன்று நிமிடப் பேச்சை அந்த ஐந்து பேருக்கும் மறுபடி நடத்துங்கள். வகுப்பு முழுக்க மறுபடி ஒரு நாள் பெயர் அட்டை வைக்கட்டும். புதிதாக வந்தவருக்கு நாற்பது பெயர் கற்க வேண்டும், மற்றவர்களுக்கு ஒன்றுதான். எழுதாத அட்டை இரண்டு மேசை டிராயரில் எப்போதும் தயாராக இருக்கட்டும்.