சின்ன கேமராவில் வீடியோ எடுக்கும்போது பேட்டரி நிற்கவில்லையா? புதுசு வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்

முழுக்க சார்ஜ் ஏற்றிய பேட்டரி. இருபது நிமிடம் வீடியோ எடுப்பதற்குள் கேமரா அணைந்துவிட்டது. பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டி இன்னொன்று வாங்கிப் போட்டால், பல நேரம் அதுவும் அப்படியேதான் அணைகிறது. பேட்டரிக்குள் இருக்கும் செல் தளர்ந்தாலும் கேமரா அணையும். சூடு ஏறினாலும் அணையும். சில சமயம் எல்லாம் சரியாகவே இருக்கும், நாம் எதிர்பார்த்த நேரம்தான் அதிகமாக இருக்கும். எது என்று தெரிந்துகொள்ள ஒரு கடிகாரமும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.

உதாரணத்துக்கு சோனி இசட்வி-1 கேமராவை எடுத்துக்கொள்வோம். மற்ற சின்ன கேமராக்களுக்கும் கணக்கு இதுதான், எண்கள் மட்டும் மாறும்.

படி 1: உங்கள் கேமராவுக்கு எத்தனை நிமிடம் நியாயம் என்று பாருங்கள்

இசட்வி-1-இல் இருப்பது என்பி-பிஎக்ஸ்1 பேட்டரி: 3.6 வோல்ட், 1240 மில்லி ஆம்பியர் மணி, அதாவது அதில் அடங்கும் மொத்த ஆற்றல் சுமார் 4.5 வாட் மணி. நிறுத்தாமல் எடுத்தால் சுமார் 75 நிமிடம் என்றும், நடைமுறையில் சுமார் 45 நிமிடம் என்றும் தயாரிப்பாளரே இரண்டு கணக்கு தருகிறார். இரண்டாவது எண்ணை நம்புங்கள். கேமராவைப் போட்டு அணைப்பது, ஜூம் செய்வது, பதிவு செய்யாமல் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பது எல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது.

4.5 வாட் மணி 75 நிமிடத்தில் தீர்கிறது என்றால், கேமரா சராசரியாக 3.6 வாட் இழுக்கிறது. கிட்டத்தட்ட 1 ஆம்பியர். புகைப்படம் எடுக்கும்போது இப்படித் தொடர்ந்து இழுப்பதில்லை. வீடியோவில் சென்சார், பிராசஸர், திரை, கார்டில் எழுதுவது எல்லாம் ஒரு நொடிகூட ஓயாது. அதனால்தான் 200 படத்துக்கு மேல் தாங்கும் பேட்டரி வீடியோவில் முக்கால் மணி நேரத்தில் படுத்துவிடுகிறது.

உங்கள் கேமராவின் கையேட்டில் விவரக்குறிப்புப் பக்கத்தில் இந்த இரண்டு எண்களும் இருக்கும். குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: தொடுமுனைகளைத் துடையுங்கள்

சோதனைக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். பேட்டரியின் பித்தளை நிற முனைகளில் கை எண்ணெயும் வியர்வை உப்பும் படியும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு (மொபைல் உதிரிபாகக் கடையில் ஐபிஏ என்று கேளுங்கள்) பேட்டரி முனைகளைத் துடையுங்கள். கேமராவுக்குள் இருக்கும் ஊசிகளை மெதுவாக, வளையாமல் தொடுங்கள். ஐந்து நிமிடம் காயட்டும். உப்புத்தாளால் மட்டும் தேய்க்காதீர்கள். மேல்பூச்சு போய்விட்டால் அந்த இடம் மறுபடி மறுபடி கறுக்கும்.

படி 3: நேரம் பார்த்துச் சோதியுங்கள்

மின்விசிறி ஓடும் அறையில், கேமராவை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். முழு எச்டி, வைஃபை அணைவில், திரை வெளிச்சம் நடுவில், ஜூம் வேண்டாம். கார்டில் போதிய இடம் இருக்கட்டும். பதிவைத் தொடங்கி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பேட்டரி சதவீதத்தையும் கேமரா உடம்பின் சூட்டையும் எழுதிவையுங்கள். சதவீதம் காட்டாத கேமரா என்றால் எந்த நிமிடத்தில் ஒரு கட்டம் குறைந்தது என்று எழுதுங்கள். தானாக அணையும்வரை விடுங்கள்.

படி 4: எழுதியதைப் படியுங்கள்

முக்கியமான படி இதுதான். அவசரப்படாதீர்கள்.

சதவீதம் சீராக இறங்கி, கையேட்டின் தொடர்பதிவு நேரத்துக்குக் கிட்டத்தட்ட வந்தால் பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறது. புதுசு வாங்கினாலும் இதற்கு மேல் ஒரு நிமிடம் வராது. படி 5-க்குப் போங்கள்.

சீராக இறங்கி, 75-க்குப் பதில் 50 நிமிடத்திலேயே நின்றால் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குதான் மிச்சம். இது வயது. மாற்றலாம்.

30 அல்லது 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அணைந்தால், செல்லின் உள்மின்தடை (செல்லுக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை) ஏறிவிட்டது. லித்தியம் செல் முழுதாக ஏறியபோது 4.2 வோல்ட்டில் இருக்கும். தீரத் தீர இறங்கும். பழைய செல்லில் 1 ஆம்பியர் இழுத்ததும் வோல்டேஜ் சட்டென்று விழுகிறது, காலி என்று நினைத்துக் கேமரா அணைந்துவிடுகிறது. சற்றுப் பொறுத்துத் திரும்பப் போட்டால் மறுபடி 30 சதவீதம் காட்டும்! இதைப் பார்த்துத்தான் பலர் கேமரா பழுது என்று பயப்படுகிறார்கள். இந்தப் பேட்டரி புகைப்படத்துக்கு இன்னும் உதவும், வீடியோவுக்கு ஆகாது. ஊட்டிப் பனியில் நல்ல பேட்டரியே இப்படி நடந்துகொள்ளும். சட்டைப் பைக்குள் வைத்துச் சூடாக்கினால் சரியாகும்.

உடம்பு சூடாகி, வெப்பக் குறி காட்டி அணைந்தால் பேட்டரிமேல் தவறில்லை. சோனியின் இசட்வி-1, ஆர்எக்ஸ்100 மார்க் 7 இரண்டிலும் ஆரம்ப அமைப்பில் 4கே பதிவு சுமார் 5 நிமிடத்தில் நின்றுவிடும். மெனுவில் 'ஆட்டோ பவர் ஆஃப் டெம்ப்' என்பதை 'ஹை' ஆக்கினால் நேரம் நீளும். அதன்பிறகு கேமரா நன்றாகச் சுடும். கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள்.

ஒவ்வொரு முறையும் அச்சாக ஒரே நேரத்தில் நின்றால் அது கேமராவின் வரம்பு. கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3-இல் 4கே 9 நிமிடம் 59 நொடி, முழு எச்டி 29 நிமிடம் 59 நொடி. சில பழைய கேமராக்கள் கோப்பு 4 ஜிபி ஆனதும் நின்றுவிடும்.

படி 5: இழுவையைக் குறையுங்கள்

பெரிய மிச்சம் வேலைக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில்தான். ஐந்து நிமிட வீடியோவுக்காக அரை மணி நேரம் திரையை எரியவிட்டால் பேட்டரி என்ன செய்யும்? பவர் சேவ் நேரத்தை 1 நிமிடமாக்குங்கள். அதேசமயம் அரை நிமிடத்துக்கு ஒருமுறை அணைத்துப் போடாதீர்கள். லென்ஸ் வெளியே வந்து உள்ளே போக மோட்டாருக்கும் மின்சாரம் வேண்டும்.

ஏர்பிளேன் மோடைப் போடுங்கள். பட்டனைத் தொடாதபோதும் லென்ஸை ஓட்டிக்கொண்டே இருக்கும் 'ப்ரீ-ஏஎஃப்' இருந்தால் அணையுங்கள். திரையை 'சன்னி வெதர்' அளவில் வெயிலில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் முழு எச்டியாக ஏற்றப்போகிறீர்கள் என்றால் 4கே-யில் எடுத்துப் பேட்டரியையும் சூட்டையும் ஏற்ற வேண்டாம்.

படி 6: ஒரே இடத்தில் நின்று எடுத்தால் பவர் பேங்க்

10,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்கில் 37 வாட் மணி இருக்கிறது. மாற்றத்தில் போகும் இழப்பைக் கழித்து 25 என்று வைத்தாலும், 3.6 வாட் கேமராவுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வரும். இசட்வி-1-இல் மெனுவில் 'யுஎஸ்பி பவர் சப்ளை'யை ஆன் செய்து மைக்ரோ யுஎஸ்பியில் செருகுங்கள். பேட்டரி உள்ளே இருக்க வேண்டும், அதில் கொஞ்சம் சார்ஜும் இருக்க வேண்டும்; அடியோடு காலி என்றால் கேமரா எழாது. ஜி7 எக்ஸ் மார்க் 3-க்குச் சாதாரண பவர் பேங்க் போதாது, டைப்-சி பவர் டெலிவரி உள்ளது வேண்டும். எல்லாக் கேமராவும் ஓடும்போது யுஎஸ்பி மின்சாரம் எடுக்காது. சில அணைந்திருக்கும்போது சார்ஜ் மட்டும் ஏற்றும்.

படி 7: வாங்குவதாக இருந்தால்

அளவு மாறாத பெட்டிக்குள் கொள்ளளவு மட்டும் இரண்டு மடங்காகாது. 1240-க்கு ஒரிஜினல் இருக்கும் இடத்தில் 2000 என்று ஸ்டிக்கர் ஒட்டிய பேட்டரியைத் தொடாதீர்கள். வேறு நிறுவனப் பேட்டரி வாங்கினால் வந்த அன்றே படி 3-ஐச் செய்யுங்கள்; மாற்றித் தரும் காலக்கெடு முடிவதற்குள் தெரிந்துவிடும். உப்பியிருந்தால், உள்ளே நுழைய இறுக்கமாக இருந்தால், அழுத்தித் தள்ள வேண்டாம். இரண்டு பேட்டரிக்கும் 1, 2 என்று எண் எழுதி மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். மாதக்கணக்கில் எடுக்காமல் வைப்பதானால் பாதி சார்ஜில், குளிர்ச்சியான இடத்தில். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் ஒருபோதும் வேண்டாம்.

நடுவிலேயே அணைந்து கோப்பு திறக்கவில்லை என்றால்

எம்பி4 கோப்பில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை, பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது. அதற்குள் மின்சாரம் போனால் படம் கார்டில் இருந்தும் திறக்காது. கார்டை ஃபார்மேட் செய்யாதீர்கள், அதில் வேறு எதையும் பதிவு செய்யாதீர்கள். சார்ஜ் ஏறிய பேட்டரியைப் போட்டு, அதே கார்டோடு அதே கேமராவை ஆன் செய்யுங்கள்; சரிசெய்யட்டுமா என்று கேட்டால் சம்மதியுங்கள். பலன் இல்லையென்றால் கார்டைக் கணினியில் நகல் எடுத்து, அந்த நகலில் 'அன்ட்ரங்க்' என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். அதற்கு அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்று மாதிரிக்கு வேண்டும். அதை வேறொரு கார்டில் ஒரு நிமிடம் எடுத்தால் போதும்.