குடல் பாக்டீரியாவும் பெருங்குடல் புற்றுநோயும்: ஆய்வுக்குப் புதிதாக வருவோர் எங்கே சறுக்குகிறார்கள்

குப்பியில் பெயர் ஒட்டு, கையுறை போடு என்பதெல்லாம் இங்கே இல்லை. அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆண்டுதோறும் புது மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு.

பேதி மருந்துக்குப் பிறகு எடுத்த மலம்

பணம், காலம் இரண்டையும் விழுங்குவது இதுதான். இன்னும் எரிச்சலூட்டுவதும் இதுதான். கொலனோஸ்கோபியில் (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை) கட்டி தெரிகிறது, நோயாளி வார்டில் சேர்கிறார், அப்போதுதான் மாணவர் ஒப்புதல் படிவத்தோடு போய் நிற்கிறார். பேதி மருந்தான பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலை லிட்டர் கணக்கில் குடித்துக் குடலைக் கழுவி முடித்தாயிற்று. அறுவைக்கு ஆன்டிபயாட்டிக்கும் ஏறப்போகிறது. ஒப்பீட்டுக்குச் சேர்ப்பதோ ஆய்வகத்து இளைஞர்களை. சீக்வென்சிங் (மலத்தில் உள்ள பாக்டீரியா டிஎன்ஏவைப் படிப்பது) செய்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தெரியாமல் என்ன செய்யும்? அதில் புற்றுநோய் எவ்வளவு, பேதி எவ்வளவு, வயது எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது. புள்ளியியலில் சரிக்கட்டலாம் என்பார்கள். நோயாளிகள் அத்தனை பேரும் மருந்து குடித்து, மற்றவர்களில் ஒருவர்கூடக் குடிக்கவில்லை என்றால் எதை வைத்துச் சரிக்கட்டுவது? கட்டியை வெட்டி எடுத்தபின் மறுபடி போய் மாதிரி கேட்டும் பயனில்லை.

கொலனோஸ்கோபிக்குத் தேதி கொடுக்கும் அன்றே குப்பியைக் கொடுத்துவிடுங்கள். பேதி மருந்து தொடங்குமுன் வீட்டிலேயே எடுக்கட்டும். பரிசோதனையில் கட்டி இருந்தால் நோயாளிப் பிரிவு, குடல் சுத்தமாக இருந்தால் ஒப்பீட்டுப் பிரிவு. கடந்த 3 மாதத்தில் ஆன்டிபயாட்டிக் எடுத்தவர் வேண்டாம். மலத்தின் இறுக்கம் (பிரிஸ்டல் அளவுகோலில் 1 முதல் 7), உடல் எடைக் குறியீடு, மலத்தில் கால்புரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 2024இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த ஆய்வில் குடல் அழற்சி, மலம் நகரும் வேகம், உடல் எடை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்ததும், மலத்தில் ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்ற பாக்டீரியாவுக்கும் புற்றுநோய்க்கும் சொல்லப்பட்ட தொடர்பே நிற்கவில்லை.

மேசையில் கிடந்த குப்பி

பாதுகாப்புத் திரவம் இல்லாத மலத்தில் அறை வெப்பத்தில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா பெருகிவிடும். தேடுவதே அதைத்தான் என்றால் சொல்லவே வேண்டாம். 95% எத்தனாலில் போடுங்கள். இல்லையேல் உடனே மைனஸ் 80 டிகிரி.

16எஸ் பார்த்துவிட்டுக் கோலிபாக்டின் பற்றிப் பேசுவது

16எஸ் என்பது பாக்டீரியாவை அடையாளம் காட்டும் ஒரு மரபணுவைப் படிக்கும் முறை. அது பாக்டீரியாவின் பெயரைச் சொல்லும், அதன் கையில் என்ன ஆயுதம் என்று சொல்லாது. டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் கோலிபாக்டினைச் செய்வது பிகேஎஸ் என்ற சுமார் 54 கிலோபேஸ் (ஒரு கிலோபேஸ் ஆயிரம் டிஎன்ஏ எழுத்து) நீள மரபணுத் தொகுதி. ஈ.கோலையில் எல்லா வகையிலும் அது இல்லை, சிலவற்றில்தான் உண்டு. அந்தத் தொகுதியில் உள்ள சிஎல்பிபி போன்ற மரபணுவுக்குப் பிசிஆர் செய்தால் தெரியும். புரோபயாட்டிக்காக (உடலுக்கு நல்லதென்று உட்கொள்ளும் பாக்டீரியா) விற்கும் நிஸ்லே 1917 என்ற ஈ.கோலை வகையிலும் அந்தத் தொகுதி இருக்கிறது. கேள்வித்தாளில் புரோபயாட்டிக் பற்றி ஒரு வரி சேருங்கள்.

இன்றைய மலத்தில் பிகேஎஸ் இல்லை என்பதால் என்றுமே இருந்ததில்லை என்றாகாது. கோலிபாக்டின் விட்டுப்போகும் மரபணுத் தழும்பைக் கட்டியில்தான் தேட வேண்டும். 2025இல் 11 நாடுகளின் 981 கட்டிகளைப் படித்தபோது, 40 வயதுக்குள் நோய் வந்தவர்களிடம் அந்தத் தழும்பு 70 தாண்டியவர்களைவிடச் சுமார் 3.3 மடங்கு அதிகம். சேதம் சிறு வயதிலேயே நடந்திருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் கணிப்பு.

வெற்றுக் குழாய் ஓட்டாதது

திசுவில் பாக்டீரியா டிஎன்ஏ சொற்பம். டிஎன்ஏ பிரித்தெடுக்கும் கிட்டில் இருக்கும் பாக்டீரியா அழுக்கே 'கண்டுபிடிப்பு' ஆகிவிடும். ஒவ்வொரு முறை மாதிரிகளை ஓட்டும்போதும் மாதிரி போடாத ஒரு வெற்றுக் குழாயையும் சேர்த்து ஓட்டுங்கள்.

எலியின் முடிவை நோயாளியிடம் சொல்வது

2017இல் ஃபியூசோபாக்டீரியம் உள்ள மனிதக் கட்டியை எலிக்குப் பதியமிட்டு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். கட்டியின் வளர்ச்சி குறைந்தது. மறையவில்லை. அதனால் ஆன்டிபயாட்டிக் குடித்தால் புற்றுநோய் தீரும் என்று நோயாளியிடம் சொல்லாதீர்கள்.