காலேஜ் கெமிஸ்ட்ரி வாத்தியார் வேலைக்குச் சுற்றுவழியில் வருபவர்கள் செய்யும் தவறுகள்

டிசம்பர் காலையில் ஊட்டியில் கிளேஷியல் (தண்ணீர் கலக்காத) அசெட்டிக் அமில பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள், ஒரு சொட்டு விழாது. 16.6 டிகிரியிலேயே உறைந்துவிடும் சாமான் அது. "கெட்டுப்போச்சா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தினேன். பாடப் புத்தகத்தில் படித்ததல்ல, குன்னூர் பக்கம் ஒரு தேயிலை பாக்டரி லேபில் நான்கு வருடம் இருந்தபோது பழகிய வழக்கம்.

அந்த நான்கு வருடத்தைத்தான் என் முதல் இண்டர்வியூவில் மறைக்கப் பார்த்தேன். முதல் தவறு அது. எம்.எஸ்சி., பாக்டரி, பிறகு மலையிலிருந்து கீழே போய் பிஎச்.டி. என்ற வரிசை எனக்கே கூச்சமாக இருந்தது. ஆய்வேட்டைப் பற்றியே பேசினேன். "இடையில் நான்கு வருடம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டதும் வாய் குழறியது. இன்றைக்கு என்னுடைய நல்ல வகுப்பே அங்கிருந்து வருவதுதான். கொளுந்தை வாட்டி உருட்டும்போது இலையின் செல்கள் உடைகின்றன. பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி, இலையில் உள்ள கேட்டகின் என்ற பொருள்களையும் காற்றின் ஆக்சிஜனையும் சேர்த்து வைக்கிறது. தேநீருக்கு அந்தப் பளிச்சென்ற செம்மஞ்சள் தரும் தியாஃப்ளேவின் என்ற நிறமி உண்டாகிறது. டிரையரின் சூடு நொதியை முடக்கியதும் கதை முடிந்தது. பாக்டரியில் இதை 'ஃபெர்மெண்டேஷன்' என்பார்கள். உண்மையில் ஆக்சிஜனேற்றம்தான், ஈஸ்ட் வேலை எதுவும் இல்லை. கொளுந்து பறிக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் தூங்க மாட்டார்கள்.

அடுத்தது, கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டைத் தள்ளிப்போடுவது. 'பிஎச்.டி. இருக்கிறதே' என்று நானும் இருந்தேன். விதி நம்மைக் கேட்டு மாறுவதில்லை. 2018 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகள் பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியர் ஆக 2021 முதல் பிஎச்.டி. கட்டாயம் என்றன. அது 2023க்குத் தள்ளிப்போனது. அந்த ஆண்டே கட்டாயத்தை எடுத்துவிட்டு நெட், மாநில அளவிலான செட், ஸ்லெட் தேர்வுகள் ஆகியவற்றைக் குறைந்தபட்சத் தகுதி ஆக்கினார்கள். அதே நெட்டில் கிடைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகையான ஜேஆர்எஃப்புக்கு வயது வரம்பு உண்டு, உதவிப் பேராசிரியர் தகுதிக்குக் கிடையாது. நாற்பதிலும் எழுதலாம். ஆனால் லேபில் பல வருடம் ஒரே வேலை பார்த்தவருக்குக் தேர்வில் கேட்கும் குவாண்டமும் குரூப் தியரியும் சுத்தமாக மறந்திருக்கும். கெமிஸ்ட்ரிக்கான நெட்டில் தப்பான விடைக்கு மார்க் வேறு குறையும்.

காகிதங்களை அசட்டையாக விடாதீர்கள். நியமன ஆணை, சம்பளச் சீட்டு, ரிலீவிங் ஆர்டர் மூன்றையும் வேலையை விடும் அன்றே வாங்கிவிடுங்கள். பாக்டரி கை மாறிய பிறகு போய் நின்றால் வாட்ச்மேனுக்கே உங்களைத் தெரியாது. முந்தைய பணியைக் கணக்கில் சேர்க்கும்போது, பதவியும் சம்பள விகிதமும் சமமாக இருந்தனவா என்றும் பார்ப்பார்கள்.

சரி, வேலை கிடைத்துவிட்டது. அப்புறமும் ஒரு தவறு காத்திருக்கிறது: கீழே அச்சான கையேட்டை மலையில் அப்படியே நடத்துவது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒரு பையன் ரெகார்டில் 92.5 என்று எழுதியிருந்தான். நானே சிவப்பு மையில் சுழித்து 100 என்று திருத்தினேன். மறுநாள் அவன் ஒன்றும் பேசாமல், கொதிக்கும் பீக்கரையும் தெர்மாமீட்டரையும் என் மேஜையில் கொண்டுவந்து வைத்தான்.