ரெவனன்ட்டை ஆட்டத்தில் இறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதையாக ஆடும் விளையாட்டு. அதில் கதையை நடத்தும் பல டஞ்சன் மாஸ்டர்கள் ரெவனன்ட்டைக் கொஞ்சம் பலமான ஸோம்பியாகவே நடத்துகிறார்கள். கதவை உடைத்துக்கொண்டு வரும், எதிரே நிற்பவரை அடிக்கும், விழும், அவ்வளவுதான். இவ்வளவு அருமையான பாத்திரம் இப்படி வீணாவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

அநியாயமாகச் செத்த ஒருவரின் ஆன்மா, பழிவாங்குவதற்காக ஒரு பிணத்தில் புகுந்து எழுந்து வருவதுதான் ரெவனன்ட். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் மான்ஸ்டர் மேனுவல்படி (அரக்கர்களுக்கான விதிப்புத்தகம்; இங்கே சொல்லும் ரூல்ஸ் எல்லாம் அதிலிருந்துதான்) அதற்கு இன்டெலிஜென்ஸ் (அறிவு) 13, விஸ்டம் (விவேகம்) 16. அது யோசிக்கும், உயிரோடிருந்தபோது தெரிந்த மொழிகளில் பேசும். எதிரி வேறு உலகத்துக்கே ஓடினாலும் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று அதற்குத் தெரியும்.

ஆகவே பெரிய தவறு, யார் மீது பழி என்று முடிவு செய்யாமல் அதை இறக்கிவிடுவது. பார்ட்டிக்கு, அதாவது ஆடுபவர்களின் வீரர் குழுவுக்கு, வேலை கொடுத்த வணிகரே அதைக் கொன்றவராக இருக்கட்டும். ராத்திரி அவர் வீட்டு வாசலில் முன்பின் தெரியாத ஒருவனின் பிணம் வந்து நிற்கிறது. காவலுக்கு நிற்கும் வீரர்களுக்கு அது யாரென்றே தெரியாது. வணிகருக்கு மட்டும் பார்த்தவுடன் தெரிந்துவிடும். எந்த உடலில் வந்தாலும் ரெவனன்ட்டை அதன் எதிரி அடையாளம் கண்டுகொள்வார். அது வீரர்களைப் பார்த்து “வழி விடுங்கள்” என்று கேட்கட்டும். அவர்களோடு அதற்குப் பகை இல்லை. எதிரி தன்னைவிடப் பலசாலி என்றால் தகுந்த கூட்டாளிகளைத் தேடிப் போவதும் அதன் வழக்கம்தான். பேசவே விடாமல் டைஸை உருட்டச் சொல்லிவிட்டால் இதெல்லாம் போச்சு.

ரூல்ஸில் வரும் குழப்பமும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. அதன் குத்து சராசரியாக 11 டேமேஜ் (அடிபட்டவர் இழக்கும் பாயின்ட்). கூடுதலாக வரும் 14, அது பழி சபதம் எடுத்தவருக்கு மட்டும். உறைய வைக்கும் பார்வையும் அப்படியே. பக்கத்தில் நிற்கும் கிளெரிக் (மதகுரு வீரர்) மீது அதை வீசக் கூடாது. பார்வையில் உறைந்தவர் மீது அடுத்த டர்னில் விழும் முதல் குத்து கிரிட்டிகல் (டேமேஜ் பகடைகள் இரட்டிப்பாகும் அடி) ஆகும், சராசரி 46. அந்த அடியோடு உறைநிலை முடிந்துவிடும். இரண்டாவது குத்தையும் கிரிட்டிகலாகக் கணக்குப் போடுவது தப்பு.

அப்புறம், ஹிட் பாயின்ட் (உயிர்ப் பாயின்ட்) 0 ஆனதும் அதன் மினியேச்சர் பொம்மையை மேசையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். ரெவனன்ட் தன் ஒவ்வொரு டர்னின் தொடக்கத்திலும் 10 பாயின்ட் மீளும். நெருப்போ ரேடியன்ட் (புனித ஒளி) டேமேஜோ பட்டால்தான் அது நிற்கும், அதுவும் அடுத்த ஒரு டர்னுக்கு மட்டும். முதல் ரவுண்டில் வீசிய ஃபயர்பால் (நெருப்புப் பந்து மந்திரம்) நான்காம் ரவுண்டில் உதவாது. அது விழுந்து கிடக்கும் அந்த இடைவெளியில் யாராவது தீப்பந்தத்தால் ஓர் அடி கொடுத்தாலே போதும், உடல் அழியும். இதை வீரர்களே கண்டுபிடிக்க வேண்டும். அது ஒருமுறை எழுந்து நிற்பதை அவர்கள் பார்க்கட்டும்.

உடல் அழிந்தாலும் கதை முடிவதில்லை. 24 மணி நேரம் கழித்து ஆன்மா வேறொரு பிணத்தில் ஏறி முழு பலத்தோடு வரும். உடலில்லாத அந்த நேரத்தில் விஷ் (நினைத்ததை நடத்தும்) மந்திரம் போட்டால் மட்டுமே அதைத் திரும்பி வராமல் அனுப்ப முடியும். எழுந்து நடமாடும் பிணங்களை விரட்டும் கிளெரிக்கின் சக்தியான டர்ன் அன்டெட் இதனிடம் பலிக்காது. அதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக, ஆட்டத்தின் காலண்டரில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ரெவனன்ட்டுக்கு இருப்பது ஒரே ஒரு வருடம். அதற்குள் பழி தீர்க்காவிட்டால் அது தூளாக உதிர்ந்துவிடும். வணிகருக்கு இந்தக் கெடு தெரிந்திருந்தால், மீதி மாதங்களுக்குத் தன்னைக் காப்பாற்றச் சொல்லி வீரர்களுக்கு அள்ளிக் கொடுப்பார். வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று அவர்கள் தங்களுக்குள் சண்டை போடட்டும்.