பந்தல், சவுண்டு, டெக்கரேஷன் தொழில்: முதல் ஆர்டருக்கு முன் எடுக்க வேண்டிய பதிவும் இன்சூரன்ஸும்

கல்யாணம், காதுகுத்து, கம்பெனி விழா என்று எடுத்துச் செய்யும் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் எல்லாவற்றையும் அடக்கிய ஒரே லைசென்ஸ் கிடையாது. நீங்கள் எதையெதைச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

தனி ஆளாகத் தொடங்கினால் சொந்த பான் எண் போதும். இரண்டு பேர் சேர்ந்தால் கூட்டாண்மைப் பத்திரம் எழுதியதோடு நிறுத்தாமல் ஃபர்மைப் பதிவு செய்துவிடுங்கள். பதிவில்லாத ஃபர்ம், பாக்கி வைத்த பார்ட்டி மேல் ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது. 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. மாநகராட்சி அல்லது நகராட்சியின் தொழில் உரிமத்தைக் குடோன் இருக்கும் முகவரிக்கு எடுங்கள்.

உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு; அரசுத் தளத்தில் முழுக்க இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. இதைப் பலர் கடனுக்காக மட்டும் எடுக்கிறார்கள். உண்மையான பலன் வசூலில் இருக்கிறது: பதிவு பெற்ற குறு, சிறு தொழிலுக்கு கம்பெனிகள் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பதிவு இருக்கட்டும்.

ஜி.எஸ்.டி.யில் தவறு நடப்பது இரண்டு இடத்தில். ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் தாண்டினால் பதிவு கட்டாயம். ஆனால் அந்தக் கணக்கு ஒரு பான் எண்ணுக்கு மொத்தமாகப் பார்க்கப்படும். டெக்கரேஷனில் 12 லட்சம், அதே பெயரில் கேட்டரிங்கில் 9 லட்சம் என்றால் வரம்பு தாண்டிவிட்டது. இரண்டாவது, அட்வான்ஸ். சேவைக்கு வாங்கும் அட்வான்ஸுக்கு, வாங்கிய மாதமே வரி விழும். தையில் நடக்கும் கல்யாணத்துக்கு ஐப்பசியில் வாங்கிய பணமும் அப்படித்தான். விற்றுமுதல் 50 லட்சத்துக்குள் இருப்பவர்கள், அதில் நேராக 6% வரி கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் சேரலாம். ஆனால் புதுச்சேரியில் ஒரு விழா எடுத்தால் அது வெளிமாநில சேவையாகிவிடலாம், அப்படி ஆனால் அந்தத் திட்டம் நிற்காது.

சமையலும் உங்களுடையதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அல்லது உரிமம் வேண்டும். அதன் 14 இலக்க எண் பில்லில் இருக்க வேண்டும். ஸ்பீக்கருக்குக் காவல்துறையின் எழுத்து அனுமதி தேவை. திறந்த வெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. கல்யாண ஊர்வலத்திலும் கல்யாணத்தை ஒட்டிய விழாவிலும் பாட்டுப் போடுவதற்குப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டமே விலக்கு தருகிறது. கம்பெனி பார்ட்டிக்கும் புத்தாண்டு நிகழ்ச்சிக்கும் அந்த விலக்கு இல்லை. அங்கே இசை உரிமம் யார் பொறுப்பு என்பதை ஆர்டர் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

இனி இன்சூரன்ஸ். காசு குறைவாக இருந்தால் முதலில் எடுக்க வேண்டியது தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி. சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால், அவர் ஒரு நாள் கூலிக்கு வந்தவராக இருந்தாலும், உங்கள் தவறே இல்லையென்றாலும் இழப்பீடு உங்கள் தலையில்தான் விழும். விண்ணப்பத்தில் 'ஹெல்பர்' என்று மட்டும் எழுதினால் கிளெய்மில் சிக்கல் வரும். உயரத்தில் ஏறும் வேலை, கரண்ட் வேலை என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மேஸ்திரி அழைத்துவரும் ஆட்களையும் சேர்க்கச் சொல்லுங்கள், மருத்துவச் செலவுக்கும் தனியாகக் கூடுதல் கவர் வாங்குங்கள். வேலை ஆட்கள் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் இ.எஸ்.ஐ.யும், 20 பேரானால் பி.எஃப்.உம் வரும்.

அடுத்தது பப்ளிக் லயபிலிட்டி. ட்ரஸ் (விளக்கு, ஸ்பீக்கர் மாட்டும் உலோகச் சட்டம்) சரிந்து விருந்தாளிக்கு அடிபட்டாலோ மண்டபச் சுவர் சேதமானாலோ இதுதான் கைகொடுக்கும். இதில் ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஓராண்டு முழுவதற்கும் எவ்வளவு என்று இரண்டு வரம்பு இருக்கும். ஏஜென்ட் சொல்லும் பெரிய தொகை பெரும்பாலும் இரண்டாவதாக இருக்கும், முதலாவதைக் கேளுங்கள். உணவால் வரும் பாதிப்பு சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பொருட்களுக்கான பாலிசியில் பிரீமியத்தை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்துக் காட்டாதீர்கள். 20 லட்சம் பெறும் சவுண்டு, எல்.இ.டி. சாமான்களை 10 லட்சத்துக்கு இன்சூர் செய்து 4 லட்சத்துக்குச் சேதமானால் 2 லட்சம்தான் கிடைக்கும். குடோனில் மட்டும் செல்லும் பாலிசியா, விழா நடக்கும் இடத்திலும் வழியிலும் செல்லுமா என்று எழுத்தில் வாங்குங்கள். திருட்டு பாலிசி பெரும்பாலும் பூட்டை உடைத்துப் போனால்தான் பணம் தரும். மேடையிலிருந்து காணாமல் போன மைக்குக்குத் தராது. சொந்தக் காரில் ஆம்ப்ளிஃபையரை ஏற்றிப் போவதும் ஆபத்து: தனியார் கார் பாலிசியில் சரக்கு ஏற்ற இடமில்லை.

விபத்து நடந்தால் எதையும் கழற்றும் முன் போட்டோ, வீடியோ எடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்றே தகவல் கொடுங்கள், திருட்டானால் போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும் வரை உடைந்த சாமானைப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள்.